கண்ணுக்குள் வைத்த லென்ஸ்: நாலு வருஷக் கணக்கு

வலது கண் மைனஸ் 11.50. இடது கண் மைனஸ் 12.75, அதோடு, கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததற்கான சிலிண்டர் பவர் 2. கண்ணாடி இல்லாமல் குளிக்கப் போனால் ஷாம்பு எது, கண்டிஷனர் எது என்று பாட்டிலை மூக்கில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு சோடாபுட்டி என்றே பெயர். அதற்கெல்லாம் அசராதவள், 2020இல் முகக்கவசத்திடம் தோற்றுப்போனேன். சிங்கப்பூரில் துவாஸில் கிடங்கு வேலை. நாளெல்லாம் பெட்டி எண்களைப் படிக்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு கண்ணாடியில் ஆவி படிந்தால் என்ன செய்வது? 2021 மார்ச்சில் இரண்டு கண்ணிலும் ஐசிஎல், அதாவது கண்ணுக்குள்ளேயே பொருத்துகிற பவர் லென்ஸ், வைத்துக்கொண்டேன். "கண்ணுக்குள்ள போயி யாராவது பிளாஸ்டிக்கை வைப்பாங்களாடி?" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுவாரமே ஆகா ஓகோ என்று எழுதுகிறவர்கள் நிறைய. வந்த பார்வை அப்படியே நிற்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை யாரும் எழுதவில்லை. நாலு வருஷம் முடிந்துவிட்டதால் நான் எழுதுகிறேன்.

லேசரால் கருவிழியைச் சீவிப் பவரைச் சரிசெய்யும் லேசிக் எனக்கு ஒத்துவராது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். என் கருவிழியின் கனம் 490 மைக்ரான். லேசிக்கில் ஒரு டயாப்டர் பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை சீவ வேண்டும். என் பவருக்குச் சீவினால் மிச்சம் நிற்பது போதாது. ஐசிஎல்லில் கருவிழியைச் சீவுவதில்லை. ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, சுருட்டிய லென்ஸை உள்ளே விட்டு, ஐரிஸுக்கு (கண்ணின் நிறமுள்ள வட்டம்) பின்னால், நம் பிறவி லென்ஸுக்கு முன்னால் விரித்து வைக்கிறார்கள். வேண்டாமென்றால் எடுத்தும் விடலாம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணுக்கு இருபது நிமிஷம். வலி இல்லை, ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கண் அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை எதிர் புளோக்கின் ஒன்பதாவது மாடியில் மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த கைலியின் கட்டம் தெரிந்தது. அதைக் கவ்வியிருந்த கிளிப்பில் ஒன்று மட்டும் பச்சை. அங்கேயே நின்றுவிட்டேன், தோசை கருகிவிட்டது.

மூன்றாவது வாரம்தான் பிரச்சினை. ஜூரோங் கிழக்கு நிலையத்தில் ரயில் மாற நிற்கும்போது பலகையில் இருந்த எழுத்துகளுக்கு நிழல் விழுந்தது. வலது கண்ணை மூடினால் நிழல், இடது கண்ணை மூடினால் தெளிவு. ஆபரேஷன் செய்த கண் மருந்தகத்துக்கு போன் போட்டால் ஆலோசகராக இருந்த தமிழ்ப் பெண், "அதெல்லாம் செட் ஆகிடும்க்கா, கண் காய்ஞ்சிருக்கும், சொட்டு மருந்து விடுங்க" என்றார். பத்து நாள் விட்டேன். செட் ஆகவில்லை. நேரில் போய்ப் பிடிவாதமாக உட்கார்ந்த பிறகுதான் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். லென்ஸ் 20 டிகிரி திரும்பியிருந்தது.

சிலிண்டர் இருக்கிற கண்ணுக்கு வைக்கும் டோரிக் லென்ஸ் குறித்த கோணத்திலேயே நிற்க வேண்டும். ஒரு டிகிரி விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும். 30 டிகிரி விலகினால் மொத்தமும் வீண். அப்படியென்றால் எனக்கு மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. ஏன் திரும்பியது என்று கேட்டதற்கு டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த லென்ஸ் நாலே அளவில்தான் வருகிறது: 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர். செருப்புக் கடை மாதிரிதான், நம் கால் இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சின்னதை எடுத்திருக்கிறார்கள். மறுபடி உள்ளே போய்த் திருப்பி வைத்தார்கள். அன்றிலிருந்து அசையவில்லை. ஆனால் அதற்குத் தனியாக 800 வெள்ளி கேட்டார்கள். பேக்கேஜில் அது வராதாம். வாதாடி 400க்குக் கொண்டுவந்தேன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 11,800 வெள்ளி கொடுத்தவளிடம் இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

இரவு வெளிச்சம் வேறு கதை. லென்ஸின் நடுவில் கண்ணுக்குள் இருக்கும் நீர் ஓடுவதற்காக 0.36 மில்லிமீட்டரில் ஒரு துளை இருக்கிறது. அது இருப்பதால் முன்பு போல ஐரிஸில் லேசரால் ஓட்டை போட வேண்டியதில்லை. பதிலுக்கு, இருட்டில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். அந்த வருஷம் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டைப் பார்க்கப் போனபோது ஒவ்வொரு பல்புக்கும் ஒரு வளையல் போட்டிருந்தது. என் மகனுக்குச் சொன்னால் பொறாமைப்பட்டான். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. வளையம் போகவில்லை, நான் கவனிப்பதை விட்டுவிட்டேன். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்கவும்.

சரி, நாலு வருஷக் கணக்கு. வலது கண்ணில் மைனஸ் 0.25, இடது கண்ணில் மைனஸ் 0.50 ஏறியிருக்கிறது. கண்ணாடி போடவில்லை. பவர் என்று பார்த்தால் நிற்கிறது என்றே சொல்வேன். நிற்காதது இன்னொன்று. ஐசிஎல்லுக்கும் பிறவி லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வால்ட் என்கிறார்கள். வயதாக ஆகப் பிறவி லென்ஸ் தடித்துக்கொண்டே வருவதால் இது குறையும். வலது கண்ணில் 520 மைக்ரான் இருந்தது 450 ஆகியிருக்கிறது, கவலையில்லை. இடது கண்ணில் முதலிலேயே 280தான், இப்போது 230. ரொம்பக் குறைந்தால் கண்புரை சீக்கிரம் வரலாம். ரொம்பக் கூடுதலாக இருந்தாலும் ஆகாது, கண் அழுத்தம் ஏறும். வருஷா வருஷம் இந்த எண்ணை நானாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கேட்காவிட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள்.

பலருக்குப் புரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வைத்ததால் என் கண் மாறிவிடவில்லை. சாதாரணக் கண்ணின் நீளம் 23, 24 மில்லிமீட்டர். என்னுடையது 28. இழுபட்ட கண்ணில் விழித்திரை மெலிந்துதான் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே ஓரிடத்தில் லேசர் வைத்துத்தான் விட்டார்கள். திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் கொத்தாகப் பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். கண்ணாடி போய்விட்டது என்று வருஷச் சோதனைக்கு மட்டம் போடுகிற என் நாத்தனாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளும் போன வருஷம் வைத்துக்கொண்டாள்.

லென்ஸுக்கு ஐந்தில் நாலரை தருவேன். அந்த மருந்தகத்துக்கு இரண்டரை, அதுவும் டாக்டருக்காக. வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் திருப்பி வைக்கவும் அளவு மாற்றவும் யார் காசு என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் அளவும் எண்ணும் போட்ட அட்டை ஒன்று கொடுப்பார்கள், அதைத் தொலைக்காதீர்கள். எனக்கு அடுத்த சோதனை ஜனவரியில். இடது கண் 200க்குக் கீழே போயிருந்தால் பெரிய அளவு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். போய்வந்து சொல்கிறேன்.