முடியை அனுப்பினால் அலர்ஜியைச் சொல்லும் கிட்: என் அனுபவம்

எனக்கு வருஷம் முழுக்கத் தும்மல். எங்கள் நாய் மணி, வாலடியைக் கடித்துக் கடித்தே ரோமம் கொட்டிப்போய்ப் புண்ணாக்கிக்கொண்டான். மனிதருக்கும் செல்லப்பிராணிக்கும் ஒரே கிட் போதும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். உடலின் ஆற்றல் அலை குலைவதுதான் அலர்ஜிக்குக் காரணம், அதை முடியிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று கூடவே வந்த கையேடு சொன்னது.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. எனக்குப் பால், கோதுமை, முட்டை உட்பட 31 பொருள்கள் ஆகாதாம். மணிக்கு 46. இரண்டு மாதம் அப்படியே கடைப்பிடித்தோம். நானும் இளைத்தேன், அவனும் இளைத்தான். தும்மலும் சொறியும் மட்டும் குறையவில்லை.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. மணியின் ரோமத்தை ஒரே நேரத்தில் கத்தரித்து இரண்டு உறையில் போட்டேன். ஒன்றின்மேல் மணி, இன்னொன்றின்மேல் ராஜா என்று எழுதி அனுப்பினேன். மணிக்குக் கோழி ஆகாது, ராஜாவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது! இதேபோல் முடியையும் உமிழ்நீரையும் வைத்துச் செய்யும் ஒரு நாய்ப் பரிசோதனையை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. உண்மையான நாய் ரோமத்தையும் செயற்கை ரோமத்தையும்கூட அந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கால்நடை மருத்துவர் வேறெதுவும் செய்யவில்லை. மணியின் முதுகை மெல்லிய சீப்பால் வாரி, உதிர்ந்த கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டார். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் அது, செரித்த ரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்குச் சில கடியே போதுமாம். உணவுமீது சந்தேகம் இருந்தால்கூட, எட்டு வாரம் குறிப்பிட்ட உணவை மட்டும் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி என்றார்.

எனக்கு மருத்துவமனையில், அலர்ஜி தரக்கூடிய பொருள்களைத் துளித்துளியாகத் தோலில் வைத்துக் குத்திப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் தூசிப்பூச்சிக்கான (வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உயிரி) இடம் மட்டும் கொசுக்கடிபோல் தடித்தது. இந்த வகை அலர்ஜியைக் கிளப்புவது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம். அது ரத்தத்திலும், அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் தோலின் மாஸ்ட் செல்களிலும் இருக்கிறது. வெட்டிய முடியில் அதைத் தேடிப் பயனில்லை.

புதுக் கருத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடன்பிறப்புகள் நிறைய உள்ள குழந்தைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவு என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராகன் 1989இல் எழுதியபோது அதுவும் புதுசுதான். ஆனால் அதைப் பலரும் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தார்கள். இந்தக் கிட்காரர்களிடம் இரண்டு அறிக்கையையும் காட்டிக் கேட்டேன். ராஜாவின் ஆற்றல் அன்று வேறாக இருந்திருக்கும் என்றார்கள்.

இந்த அறிக்கையை நம்பித் தயவுசெய்து குழந்தைகளுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. மணிக்கு வாலடியில் ரோமம் முளைத்துவிட்டது.