4 ஜிபியா 8 ஜிபியா, 64-ஆ 128-ஆ: டேப் வாங்கும்போது பணத்தை எதில் போடுவது?

ஷியோமியின் ரெட்மி பேட் எஸ்இ 2024 ஏப்ரலில் இந்தியாவில் மூன்று விலைகளில் வந்தது. 4 ஜிபி ரேம் 12,999 ரூபாய், 6 ஜிபி 13,999, 8 ஜிபி 14,999. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் இடம், ஸ்டோரேஜ் என்பது ஆப்களையும் வீடியோக்களையும் சேமித்துவைக்கும் இடம். மூன்றிலும் ஸ்டோரேஜ் 128 ஜிபிதான். திரை, பிராசஸர், பேட்டரி எல்லாம் ஒன்றே. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒன்பிளஸ் பேட் கோவில் இது தலைகீழ். சிம் போடும் மாடல்கள் இரண்டிலும் ரேம் 8 ஜிபி. ஸ்டோரேஜ் 128 என்றால் 21,999, 256 என்றால் 23,999. அதே 2,000 ரூபாய்க்கு ஓரிடத்தில் ரேம் இரட்டிப்பாகிறது, இன்னோரிடத்தில் ஸ்டோரேஜ் இரட்டிப்பாகிறது. இவை அறிமுக விலைகள், இன்றைக்கு மாறியிருக்கும். ஆனால் கடையில் நிற்கும்போது வரும் கேள்வி மாறவில்லை. கையில் கூடுதலாக இரண்டாயிரம் இருக்கிறது, அதை எதில் போடுவது?

மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஆண்ட்ராய்டு டேப் என்றால் ரேமில் போடுங்கள் என்பேன். ஐபேட் என்றால் கணக்கு வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் "64 பத்தாதுங்க, 128 குடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்திலேயே 4 என்று போட்டிருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

4 ஜிபி ரேமில் என்ன நடக்கிறது

என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டேப் திரையை இரண்டாகப் பிரித்துவைத்துத்தான் படிப்பாள். இடப்பக்கம் வகுப்பு வீடியோ, வலப்பக்கம் இயற்பியல் புத்தகத்தின் பிடிஎஃப். நடுவில் ஒரு சந்தேகம் வந்து குரோமில் தேடிவிட்டுத் திரும்பினால், பிடிஎஃப் முதலிலிருந்து திறக்கும். புத்தகத்தின் நடுவில் இருந்தவள் அட்டைப் பக்கத்திலிருந்து மறுபடி தள்ளிக்கொண்டு போக வேண்டும். சில நேரம் வீடியோவும் ஆரம்பத்துக்கே போய்விடும். நெட் சரியில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த டேப்பில் இருப்பது 4 ஜிபி ரேம். ஆண்ட்ராய்டும் அதனுடன் எப்போதும் ஓடும் கூகுள் சேவைகளும் அதில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் வீடியோ, பிடிஎஃப், குரோம் மூன்றும் இருந்தாக வேண்டும். இடம் நெருக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் போன ஆப்பை ஆண்ட்ராய்டே மூடிவிடும். திரும்பப் போனால் அது புதிதாகத் திறக்கும். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட ஆப் என்றால் தப்பித்தோம். இல்லையென்றால் அட்டைப் பக்கம்தான். குரோமில் நான்கைந்து பக்கங்களைத் திறந்துவைத்து மாறி மாறிப் போனாலும் ஒவ்வொன்றும் மறுபடி லோட் ஆவதற்குக் காரணம் இதுவேதான்.

ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்பவர்களுக்கு 4 ஜிபியில் குறை தெரியாது. யூடியூப் மட்டும், சீரியல் மட்டும், குழந்தைக்குப் பாட்டு மட்டும் என்றால் போதும். படிக்கிற பிள்ளைக்குப் போதாது. படிப்பு என்றாலே இரண்டு ஆப்களுக்கு நடுவே போய்வருவதுதான்.

6 ஜிபிக்குப் போனால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். 8 ஜிபியில் இன்றைய சாதாரண உபயோகத்துக்கு நிம்மதியாக இருக்கலாம், நான்கைந்து வருடம் கழித்தும் சமாளிக்கலாம். 6-க்கும் 8-க்கும் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் 8. நாலாயிரம், ஐந்தாயிரம் என்றால் 6 போதும். மிச்சப் பணத்தை ஒரு நல்ல கவருக்கும் பேனாவுக்கும் வைத்துக்கொள்ளலாம். 12, 16 ஜிபி எல்லாம் இந்த விலையில் உள்ள பிராசஸரோடு சேர்ந்தால் பெட்டியின் மேல் எழுதிக்கொள்ளத்தான் உதவும்.

பெட்டி என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். "16 ஜிபி ரேம்" என்று பெரிய எழுத்திலும் "8+8" என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தால், நிஜ ரேம் 8 ஜிபிதான். மற்ற 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. சாம்சங்கில் இதற்கு ரேம் பிளஸ் என்று பெயர். மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. பின்னால் சும்மா கிடக்கும் ஆப்பை அங்கே ஒதுக்கிவைக்கலாம், அவ்வளவுதான். ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. "4+4" என்று போட்ட டேப்பை 8 ஜிபி டேப்போடு ஒப்பிட்டு விலை பேசாதீர்கள். அது 4 ஜிபி டேப்.

64 ஜிபி எங்கே போகிறது

64 ஜிபி டேப்பை ஆன் செய்து அப்டேட் எல்லாம் முடிந்தபின் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், சிஸ்டத்துக்கே 15 முதல் 20 ஜிபி வரை போயிருக்கும். வழக்கமான ஆப்களும் அவை சேர்த்துவைக்கும் குப்பையும் இன்னொரு 10 ஜிபி. முழுதாக நிரப்பவும் கூடாது. ஃபிளாஷ் ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், அடுத்த அப்டேட்டும் இடமில்லை என்று நின்றுவிடும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். ஆக உங்கள் கைக்கு வருவது 30 ஜிபி சொச்சம்.

அது போதுமா என்பது என்ன வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகங்கள் இடத்தை அடைக்காது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வகுப்பின் எல்லாப் பாடங்களையும் இறக்கிவைத்தாலும் ஒரு ஜிபியைத் தாண்டுவது அரிது. பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளைச் சேர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்தும் ஈழத் தமிழ் நூல்களைச் சேமிக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்திலிருந்தும் எடுக்கும் சில நூல்கள் ஒவ்வொன்றும் நூறு எம்பியைத் தொடலாம். அப்படியும் நூறு நூல்களுக்குப் பத்து ஜிபிதான்.

வீடியோதான் இடத்தைத் தின்கிறது. ஒரு மணி நேர வகுப்பை இறக்கினால் சுமார் அரை ஜிபி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு என்றால் ஒன்றரை ஜிபி, ஒரு மாதத்துக்கு 45. நீட் கோச்சிங் ஆப்களில் பார்த்து முடித்ததை அழிக்காமல் விட்டால் 64 ஜிபி டேப் ஒரு மாதத்திலேயே மூச்சு திணறும். விளையாட்டும் அப்படித்தான். ஜென்ஷின் இம்பாக்ட் ஒன்றே 20 ஜிபிக்கு மேல் கேட்கும்.

வாட்ஸ்அப்பை டேப்பிலும் இணைத்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் வரும் குட்மார்னிங் படங்களும் வீடியோக்களும் இங்கேயும் இறங்கும். ஆட்டோ டவுன்லோடை டேப்பில் தனியாக அணைக்க வேண்டும்.

மெமரி கார்டு எவ்வளவு தூரம் உதவும்

ரெட்மி பேட் எஸ்இ, கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், ஒன்பிளஸ் பேட் கோ மூன்றிலும் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம், 1 டிபி வரை. ரேமில் பணத்தைப் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். ஸ்டோரேஜைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ரேமைக் கூட்டவே முடியாது.

ஆனால் கார்டு எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. படம், பாட்டு, பிடிஎஃப், நாமே எடுத்த வீடியோ தாராளமாகப் போகும். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டிலும் இறக்குவதைக் கார்டில் சேமிக்கச் சொல்லி அவற்றின் செட்டிங்ஸிலேயே மாற்றலாம். ஆப்கள் அப்படிப் போகாது. பல டேப்களில் ஆப்பைக் கார்டுக்கு மாற்றும் வழியே கிடையாது. இருந்தாலும் ஒரு பகுதி மட்டும் போகும். பல கோச்சிங் ஆப்கள் வகுப்பு வீடியோவைத் தங்களுக்குள் பூட்டி உள் ஸ்டோரேஜில்தான் வைக்கும். அதனால் படிக்கும் பிள்ளைக்கு, கார்டு இருந்தாலும்கூட 64 ஜிபியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 128 வேண்டும். 256 வேண்டாம், அந்த 2,000 ரூபாயில் நல்ல கம்பெனி கார்டே வாங்கிவிடலாம். கார்டை நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். 1 டிபி என்று எழுதி முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்பதெல்லாம் போலி. முதல் சில ஜிபி ஒழுங்காக ஏறும், அதற்குமேல் போட்டது காணாமல் போகும்.

கார்டு போட முடியாத ஆண்ட்ராய்டு டேப்பும் உண்டு. ஷியோமி பேட் 6 அப்படி; 6/128, 8/256 (முன்னது ரேம், பின்னது ஸ்டோரேஜ்) என்று இரண்டு வகை. அங்கே வீடியோ இறக்குபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுக்கலாம்.

ஸ்டோரேஜின் அளவுக்கு அடுத்து அதன் ரகத்தையும் பாருங்கள். விலை குறைந்த டேப்களில் பெரும்பாலும் இஎம்எம்சி 5.1 என்ற மெதுவான ரகம் இருக்கும். ரெட்மி பேட் எஸ்இயிலும் அதுதான். நொடிக்கு 300 எம்பி அளவில் படிக்கும். அதைவிட வேகமான யுஎஃப்எஸ் 2.2 ரகம் என்றால் 1,000 எம்பியை எட்டும். ஆப் திறக்கும் வேகம், அப்டேட் முடியும் நேரம், அந்தக் கடன் வாங்கிய ரேமின் லட்சணம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரே விலையில் 256 ஜிபி இஎம்எம்சியும் 128 ஜிபி யுஎஃப்எஸும் வந்தால் நான் பின்னதைத்தான் எடுப்பேன்.

ஐபேடில் கணக்கு மாறுகிறது

ஐபேடில் கார்டு கிடையாது. ரேமை நாம் தனியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, மாடலோடு வருவதுதான். 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் 4 ஜிபி ரேம், ஆரம்ப ஸ்டோரேஜ் 64 ஜிபி. 2025-இல் வந்த ஏ16 ஐபேடில் 6 ஜிபி, ஆரம்பமே 128. எம்2 ஐபேட் ஏரில் 8 ஜிபி. ஐபேட் ப்ரோவில் ஒரு சங்கதி உண்டு: 2024-இன் எம்4 ப்ரோவில் 256, 512 ஜிபி வாங்கினால் ரேம் 8, 1 டிபிக்குப் போனால் 16.

அதனால் இங்கே கேள்வி 128-ஆ 256-ஆ என்று சுருங்குகிறது. ஏ16 ஐபேடின் அறிமுக விலை 128-க்கு 34,900, 256-க்கு 44,900. ஆண்ட்ராய்டில் 2,000 ரூபாய்க்குக் கிடைத்த அதே 128 ஜிபிக்கு இங்கே 10,000. படிப்பு, படம் பார்ப்பது, குறிப்பெழுதுவது என்றால் அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. யுஎஸ்பி-சி பென்டிரைவைச் செருகினால் ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும். முடிந்த வீடியோவையும் பிடிஎஃபையும் அதில் தள்ளிவிடலாம். ஓடிடி டவுன்லோடுகள் மட்டும் அதில் போகாது. பழைய 64 ஜிபி ஐபேட் தள்ளுபடியில் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம். அங்கே ரேமும் குறைவு, ஸ்டோரேஜும் குறைவு, பின்னால் எதையும் கூட்ட வழியில்லை.

ரேம் எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு ஆப்பிளிடமே சாட்சி இருக்கிறது. 2013-இன் முதல் ஐபேட் ஏரில் 1 ஜிபி ரேம். 2014-இன் ஐபேட் ஏர் 2-இல் 2 ஜிபி. இடைவெளி ஒரு வருடம்தான். 2019-இல் ஐபேடின் இயங்குதளமான ஐபேட் ஓஎஸ் 13 வந்தபோது முதலாவது வெளியேறியது. 1 ஜிபி ரேம் உள்ள ஐபோன், ஐபேட் எதற்கும் 13-ஆம் பதிப்பு போகவில்லை. ஏர் 2-க்கோ 15-ஆம் பதிப்பு வரை கிடைத்தது. இன்றைக்கு ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டலிஜென்ஸிலும் அதே கதை நடக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள ஐபேட்களுக்கு அது உண்டு, 6 ஜிபி ஏ16 ஐபேடுக்கு இல்லை.

வரைபவர்களும் வீடியோ வெட்டுபவர்களும்

இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஏ4 அளவு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480-க்கு 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு லேயருக்கே (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்) 35 எம்பி. 50 லேயர் போட்டால் 1.7 ஜிபியைத் தாண்டும், அதுவும் ரேமில். ஐபேடில் வரைய உதவும் புரோகிரியேட் ஆப்பில் எத்தனை லேயர் போடலாம் என்ற வரம்பே கேன்வாஸ் அளவையும் ரேமையும் வைத்துத்தான் முடிவாகிறது. வரைவதைத் தொழிலாக எடுப்பவர் 8 ஜிபிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம்.

வீடியோவில் இரண்டும் வேண்டும். ஐபோனில் நொடிக்கு 30 பிரேமில் எடுத்த 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ 10 ஜிபி. எடிட் செய்யும்போது அதன் நகலும் முடிந்த வீடியோவும் சேர்ந்து இரண்டு மடங்காகும். 256 ஜிபிதான் இங்கே தொடக்கம்.

நம் வீடுகளில் டேப் ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு டேப் பலவற்றில் ஆளுக்கொரு யூசர் புரொஃபைல் வைக்கலாம்; சொந்த உபயோகத்துக்கு வாங்கும் ஐபேடில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் ஆப்களின் தரவு தனித்தனி, இறக்கிய வீடியோக்கள் தனித்தனி. மாறும்போது பழைய புரொஃபைல் கொஞ்ச நேரம் பின்னாலேயே ஓடிக்கொண்டும் இருக்கும். பாட்டி, அம்மா, பிள்ளை மூவருக்கும் ஒரே டேப் என்றால் 8/128-க்குக் குறைய வாங்காதீர்கள்.

ஏற்கெனவே 4/64 வாங்கியாகிவிட்டது என்றால் அதையும் ஒழுங்காக ஓட்ட வழி இருக்கிறது. படிக்கும் நேரத்தில் குரோமை மூடிவிட்டு, சந்தேகத்தைப் போனில் தேடச் சொல்லுங்கள். விட்ட பக்கத்தை நினைவில் வைக்கும் பிடிஎஃப் ஆப்பாகப் பார்த்துப் போடுங்கள். முகநூல், ஷாப்பிங் ஆப்களை எடுத்துவிட்டு பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு 128 ஜிபி கார்டைப் போட்டு யூடியூப் டவுன்லோடை அதற்கு மாற்றுங்கள். பார்த்து முடித்த வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையே அழிக்கட்டும். எது மறுபடி தேவைப்படும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.