இரண்டு சேனல், ஒரே ஸ்பீக்கர்: பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை இணைக்கும் வழிகள்

திருவல்லிக்கேணியில் உள்ள என் வீட்டுக் கூடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் பெட்டிகளை வைக்க இடமில்லை. கேட்பதும் பெரும்பாலும் 1950, 60களின் திரைப்பாடல்களும் பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளும்தான். அவை மோனோவில், அதாவது ஒரே தடமாக, பதிவானவை என்பதால் இரண்டாவது பெட்டி இல்லாத குறை தெரிவதில்லை. ஆனால் கையில் இருப்பதோ சேனலுக்கு இரண்டு இஎல்84 வெளியீட்டு வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) கொண்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். இதை 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு மட்டும் பயன்படுத்த நான்கு வழிகள் உண்டு: ஒரு சேனலோடு நிறுத்திக்கொள்வது, இரண்டு சேனல்களையும் பேரலலாக இணைப்பது, அவற்றை எதிரெதிராக இயக்கிப் பிரிட்ஜ் செய்வது, கீழ் ஒலிகளுக்கான வூஃபருக்கு ஒன்றும் மேல் ஒலிகளுக்கான ட்வீட்டருக்கு ஒன்றுமாகப் பிரித்துக் கொடுப்பது.

எந்த வழியானாலும் அதன் நன்மை தீமையைத் தீர்மானிப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒன்று தள்ள மற்றது இழுக்கும் புஷ்-புல் முறையில் இயங்கும் ஒரு ஜோடி இஎல்84 தன் முன்னால் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 8,000 ஓம் சுமை (எதிர்கொள்ளும் மின்தடை). 8 ஓம் ஸ்பீக்கரை அந்த அளவாகக் காட்டுவதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. சுற்றுகளின் விகிதம் சுமார் 32-க்கு 1 என்றால் அதன் வர்க்கமான ஆயிரம் மடங்கு கிடைத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று உள்ள முனையில் 16 ஓம் இணைத்தால் வால்வுகள் 16,000 ஓமைக் காணும், 4 ஓம் இணைத்தால் 4,000 ஓமைக் காணும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கிவிடும்.

முதல் வழி, ஒரு சேனலை மட்டும் பயன்படுத்துவது. சோம்பேறித்தனமாகத் தோன்றினாலும் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 10 வாட் சேனல் ஒன்று, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை 100 டெசிபெல் வரை இயக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவ்வளவு சத்தத்தைப் பக்கத்து வீட்டார் பொறுக்கமாட்டார்கள். இரண்டு சேனல்களின் சக்தியைச் சேர்த்தாலும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இதில் சிக்கல், சும்மா இருக்கும் சேனலை என்ன செய்வது என்பதுதான். சுமையே இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் ஒலி நுழைந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் வோல்டேஜ் எகிறி மின்காப்பு பழுதாகலாம். ஆகவே அந்தச் சேனலின் உள்ளீட்டை எர்த்தோடு சேர்த்துவிட்டு, வெளியீட்டில் 8 ஓம், 25 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிவிட வேண்டும். மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் முடிகிற வேலை.

பலரும் செய்ய நினைப்பது, அந்தச் சேனலின் வால்வுகளைக் கழற்றிவிடுவது. நான்கு இஎல்84-களின் ஹீட்டர்கள் மட்டுமே 19 வாட் இழுக்கின்றன, பிளேட்டுகளின் (மின்னோட்டம் வந்துசேரும் உலோகத் தகடுகளின்) சூடு அதற்கும் மேல். மே மாத மதியத்தில் அதைப் பாதியாகக் குறைக்கும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. ஆனால் இழுப்பு குறைந்தால் மின்வழங்கியின் வோல்டேஜ் ஏறும். 220 வோல்ட்டுக்கென்று சுற்றப்பட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு நம் 230 வோல்ட்டே ஏற்கெனவே நான்கரை விழுக்காடு அதிகம். அதன்மேல் இந்த ஏற்றமும் சேர்ந்தால் வயதான ஃபில்டர் கண்டென்சர்கள் தங்கள் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். நான்கு வால்வுகளுக்கும் பொதுவாக ஒரே கேத்தோடு ரெசிஸ்டர் வைத்த செட்டுகளில் நிலைமை இன்னும் மோசம்: இரண்டைக் கழற்றினால் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ் வோல்டேஜ் குறைந்து, மீதி இரண்டும் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துப் பிளேட் சிவக்கும் வரை போகும். சூட்டைப் பொறுத்துக்கொண்டு வால்வுகளை அப்படியே விட்டுவைப்பதே மேல்.

இரண்டாவது வழியான பேரலல் இணைப்பே நான் அதிக நாள் செலவிட்டது. இரண்டு சேனல்களுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்து, இரண்டு வெளியீடுகளையும் ஒன்றாகக் கட்டி ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது புதிய உத்தியன்று. 1959-இல் வந்த டைனக்கோ நிறுவனத்தின் எஸ்.டி.-70 வால்வு ஆம்ப்ளிஃபையர், சேனலுக்கு 35 வாட் தருவது, இரண்டு உள்ளீடுகளையும் சேர்க்கும் மோனோ சுவிட்சை முகப்பிலேயே கொண்டிருந்தது. கணக்கு இதுதான்: ஸ்பீக்கரின் மின்னோட்டத்தை இரு சேனல்களும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வதால், 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 16 ஓமாகத் தோன்றும். எனவே முழுச் சக்தி வேண்டுவோர் 16 ஓம் முனைகளை இணைக்க வேண்டும்.

ஆனால் நான் விரும்புவது வேறு: முனையை மாற்றாமல் 8 ஓமிலேயே இரண்டையும் கட்டிவிடுவது. அப்போது சக்தி ஒரு சேனல் தருவதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்ப்ளிஃபையரின் உள் மின்தடை) பாதியாகி, வூஃபரின் மேல் பிடி இறுகுகிறது. தளர்ந்து ஒலிக்கும் தவில் சரியான இடத்தில் நிற்கிறது. 16 ஓம் முனைக்கு மாறினால் இந்த ஆதாயம் கிடைக்காது. அந்த முனையின் இம்பீடன்ஸே இரு மடங்கு என்பதால், பாதியானபின் பழைய அளவுக்கே வந்து நிற்கும். சக்தி, பிடி இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

கட்டுவதற்கு முன் இரு சேனல்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் ஒன்றின் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போகாமல் மற்றதற்குள் பாயும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, எர்த் முனைகளை மட்டும் சேர்த்து, 200 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து வெளியீடு 4 வோல்ட்டுக்கு வந்ததும், இரண்டு சூடான முனைகளுக்கும் (எர்த் அல்லாத, ஒலி வரும் முனைகளுக்கும்) நடுவே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். (மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டுவதில்லை, அதனால்தான் 200.) என் செட்டில் 0.6 வோல்ட் வந்தது. முன்கட்ட வால்வுகளான இசிசி83-களை இடம் மாற்றியும் குறையவில்லை. கடைசியில் ஒரு சேனலில், வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பும் பின்னூட்டப் பாதையில் இருந்த கார்பன் ரெசிஸ்டர் காலப்போக்கில் மதிப்பு ஏறிப்போனது தெரிந்தது. இரு பக்கமும் புதிதாகப் போட்டபின் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. 8 வோல்ட் அருகே காட்டினால் ஒரு சேனல் தலைகீழாக இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இணைக்கவே கூடாது. செட்டின் அடிப்பலகையைத் திறப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பிரிட்ஜ் இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது 12 வோல்ட்டுக்குள் அடைபட்ட கார் ஆம்ப்ளிஃபையர்களுக்கு ஏற்ற உத்தி. வோல்டேஜை வேண்டியபடி மாற்றித்தர டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வால்வு செட்டுக்கு அது தேவையில்லை. பேரலல் தரும் அதே சக்தியைப் பெற, ஒரு சேனலின் ஒலியைத் தலைகீழாக்கும் கூடுதல் சுற்றும் 4 ஓம் முனையும் வேண்டும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களில் எதுவும் எர்த்தில் படக்கூடாது என்ற கவலை வேறு.

நான்காவது வழிக்கு, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி முனைகள் உள்ள பெட்டி தேவை. அது இருந்தால் வழி கண்ணியமானது: ட்வீட்டர் சேனலின் உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால் அதன் முன்னே 530 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்று போதும், 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி படிப்படியாகக் குறைந்துவிடும். கீழ்க்குரலில் வூஃபர் சேனல் திணறினாலும் ட்வீட்டர் சேனலில் ஜாலராவின் ஓசை கெடாது. சேனல்கள் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாததால், தளர்ந்த வால்வுகள் உள்ள செட்டுக்குப் பேரலலைவிட இதையே பரிந்துரைப்பேன்.

ஸ்டீரியோ ஒலியை மோனோவாக்கும்போது இடது வலது ஒயர்களை நேராக முறுக்கிவிடக்கூடாது, ஒவ்வொன்றிலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே சேர்க்க வேண்டும். கைபேசியிலிருந்து கேட்பவர்கள் அதன் அமைப்புகளில் உள்ள மோனோ வசதியை இயக்கினாலே போதும். மோனோ இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சேர்க்கையில் ஓர் உபரி லாபம் உண்டு: ஊசியின் மேல்-கீழ் அசைவால் எழும் உறுமலும் கீறல் சத்தத்தில் ஒரு பங்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

என் வீட்டில் இப்போது 8 ஓம் முனைகளில் பேரலல் ஓடுகிறது. சூடான முனைகளைச் சேர்க்கும் செம்புப் பட்டையை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் ஸ்க்ரூவில்தான் நிறுத்தியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, அந்த 0.1 வோல்ட் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் முடுக்குகிறேன்.