பேத்திக்கு ஆக்சிஜன் மெஷின் எடுத்த கடை, சுங்கை சிப்புட்

சுங்கை சிப்புட் டௌனில், பசாருக்குப் பக்கத்துக் கடை வரிசையில் இருக்கும் மருத்துவச் சாமான் கடையைப் பற்றி எழுதுகிறேன். சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் அங்கே உண்டு. நான் போனது ஆக்சிஜன் மெஷினுக்காக. என் மகளுக்கு 26 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேத்தி பிறந்தபோது எடை 840 கிராம். ஈப்போவில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள். இப்படிக் குழந்தையை அழைத்து வரும் குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கும். அவர்களுக்கு இது உதவட்டும்.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், கவுண்டரில் இருந்த பெண் மெஷினைக் காட்டுவதற்கு முன்பே கடிதம் கேட்டதுதான். “டாக்டர் எவ்வளவு லிட்டர் எழுதியிருக்கார் அங்கிள்? குழந்தைக்கு இப்ப என்ன எடை?” என்றாள். கடிதத்தில் நிமிடத்துக்கு 0.2 லிட்டர் என்று இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வார்டு மிஸ்ஸிக்கு என் முன்னாலேயே போன் போட்டு உறுதி செய்தாள். அதற்கு முன் வேறொரு டௌனில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “10 லிட்டர் மெஷின் எடுங்க ஐயா, ஆக்சிஜன் கூட இருந்தா நல்லதுதானே” என்றார் விற்பவர். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கூட இருந்தால் நல்லது என்பது இந்தக் குழந்தைகள் விஷயத்தில் உண்மை இல்லை. நான் தோட்டக் கிளினிக்கில் டிரெசராக இருந்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம், குழந்தை நீலம் பாய்ந்தால் சிலிண்டரைத் திற, சிவந்ததும் மூச்சு விடு என்பதுதான். எத்தனை நேரம், எவ்வளவு அழுத்தத்தில் என்ற பேச்சே கிடையாது. பேத்தி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். நிபுணர்களையும் விடாமல் கேட்டேன்.

கதை கண்ணில்தான் தொடங்குகிறது. 1940களில் இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் வாங்கிய குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும் என்று 1951இல் எழுதியவர் மெல்பர்ன் டாக்டர் கேட் கேம்பல். அதற்குப் பயந்து ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தபோது, மூச்சு போதாமல் குழந்தைகள் இறந்தார்கள். அப்புறம் 1967இல், ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்ரே டாக்டராக இருந்த வில்லியம் நார்த்வேயும் அவரோடு இருந்தவர்களும், செயற்கைச் சுவாசத்திலும் மிகுந்த ஆக்சிஜனிலும் நாள் கணக்கில் இருந்த பச்சைக் குழந்தைகளின் நுரையீரல் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா. வார்டில் பி.பி.டி. என்பார்கள். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆன பிறகும் குழந்தைக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டால் இந்தப் பெயர் கோப்பில் ஏறிவிடும். எங்கள் பேத்தியின் கோப்பிலும் ஏறியது.

கருப்பைக்குள் குழந்தை மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்கிறது. 26 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு, நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜனே அதிகம். ஆக்சிஜன் உடம்புக்குள் உண்டாக்கும் கேட்டை முறிக்கும் நொதிகள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் கூடுகின்றன. அந்த வாரங்கள் இவளுக்குக் கிடைக்கவில்லை. நுரையீரலும் அந்த வயதில் பாதி வேலையில் நிற்கிறது. பெரியவர்களுக்கு இருக்கும் கோடிக்கணக்கான காற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன. மிகுந்த ஆக்சிஜன் பட்டால், சிறு அறைகளாகப் பிரிய வேண்டிய வீடு தடுப்புச் சுவர் எழும்பாமல் ஒரே கூடமாக நின்றுவிடுவது போல, நுரையீரல் சில பெரிய பைகளோடு நின்றுவிடுகிறது.

இதை ஆராய எலிக்குட்டிகள் ஏற்றவை. காலத்தில் பிறந்த எலிக்குட்டியின் நுரையீரல், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் இருக்கும் அதே நிலையில்தான் இருக்கும். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ’ரைலி குழு செய்த வேலை என் மனதை விட்டுப் போகவில்லை. பிறந்த முதல் நாட்களில் மட்டும் மிகுந்த ஆக்சிஜன் கொடுத்து, பிறகு சாதாரணக் காற்றில் வளர்த்த எலிகளுக்கு, பெரிதானதும் இன்ஃபுளுவென்சா கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றின் நுரையீரலில் அழற்சி கடுமையாக இருந்தது. முதல் சில நாட்களின் ஆக்சிஜனை நுரையீரல் வளர்ந்த பிறகும் மறக்கவில்லை. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் மருமகன் உட்பட எல்லாரும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.

அதற்காகக் குறைத்துக் கொடுத்தாலும் ஆபத்துதான். 2010இல் வெளியான சப்போர்ட் என்ற ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்துக்குள் வைத்த குறைமாதக் குழந்தைகளில் 19.9 சதவீதமும், 91 முதல் 95க்குள் வைத்தவர்களில் 16.2 சதவீதமும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் முன்பே இறந்தார்கள். பிழைத்தவர்களில் கடுமையான கண் நோய் வந்தது மாறாக இருந்தது: குறைத்து வைத்தவர்களில் 8.6 சதவீதம், கூட்டி வைத்தவர்களில் 17.9 சதவீதம். இந்தக் குறுகிய இடைவெளியில்தான் டாக்டர்கள் நடக்கிறார்கள். 0.2 என்று எழுதினால் 0.2தான்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். 5 லிட்டர் வகை, அதாவது நிமிடத்துக்கு அதிகபட்சம் 5 லிட்டர் தருவது. அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட் துகள்கள் வழியாக விட்டு, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே தருகிறது. இதன் அளவுமானியில் பெரும்பாலும் அரை லிட்டரில்தான் கோடு தொடங்கும். பச்சைக் குழந்தைக்கு அதுவே அதிகம். இந்தக் கடை தனியாகக் குறைந்த அளவுமானி ஒன்றைப் பொருத்தித் தந்தது. குமிழ் 0.2இல் நின்ற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, “இதை யாரும் திருப்பக் கூடாது. அழுதாலும் திருப்பாதீங்க, எண்ணைப் பாருங்க” என்றாள் அந்தப் பெண். எண் என்றது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை; எங்கள் டாக்டர் சொன்னது 92க்கு மேல். அந்த எண்ணைக் காட்டும், விரலில் மாட்டும் சின்னக் கருவியை அவள் எனக்கு விற்க மறுத்துவிட்டாள். அது பெரியவர்கள் விரலுக்கு உரியது, குழந்தைக்குப் பாதத்தில் சுற்றும் பட்டைதான் சரி. நாடித் துடிப்பை வைத்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியை 1970களில் கண்டறிந்தவர் தகுவோ அவோயாகி என்ற ஜப்பானியர். அவருக்கு என் நன்றியை இங்கே எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

மெஷினை வீட்டில் இறக்க வந்த பையன் நேராகச் சாமி மேடையைத்தான் பார்த்தான். விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, பின்னால் சூடான காற்று வெளியேற வேண்டும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னான். என் மனைவிக்கு அது எளிதாக இல்லை. ஆனால் இந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது, ஆக்சிஜன் பக்கத்தில் தணலும் ஆகாது. மூக்கு காய்ந்தால் வாசலின் தடவக் கூடாது, தண்ணீரில் கரையும் களிம்புதான் என்பதையும் அவன்தான் சொன்னான்.

வாடகை மாதம் 250 வெள்ளி, முன்பணம் தனி. கரண்ட் செலவை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 350 வாட் மெஷின் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 250 யூனிட் வரும், பில்லில் நன்றாகத் தெரியும். எனக்கு உண்மையாக வருத்தம் தந்தது சிலிண்டர் விஷயம். கரண்ட் போனால் வேண்டும் என்று கேட்ட சிறிய சிலிண்டர், மெஷினோடு வராமல் பிறகுதான் வந்தது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதல்ல. சிலிண்டர் இல்லாமல் மெஷினை மட்டும் அனுப்பும் வழக்கத்தை இந்தக் கடை விட வேண்டும். குழந்தைக்கான மூக்குக்குழாயும் சில நேரம் கையிருப்பில் இருப்பதில்லை.

இத்தனையும் வைத்து 5க்கு 4 கொடுக்கிறேன். போகிறவர்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். குறைந்த அளவுமானி, பாதப் பட்டை, சிலிண்டர் மூன்றும் ஒரே லோரியில் வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள், புகைமூட்டம் வரும் மாதங்களில் அடிக்கடி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை மதியத்தோடு அடைத்துவிடுகிறார்கள்.