புதிர்ப் பலகையும் சிற்றெறும்பும்: ஒரு சிப்பிப்பாறை வீட்டு அனுபவம்

நாய்களுக்கான புதிர்ப் பலகையின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று காவேரிப்பட்டினத்து நண்பர் கேட்டார். நாய் மூடியை நகர்த்தி, அடியில் ஒளித்துவைத்த தீனியைத் தேடி எடுக்கும் விளையாட்டுப் பலகை அது. நகர்த்தும் மூடிகள், அடியில் தீனிப் பள்ளங்கள் எல்லாம் விற்பனைப் படத்திலேயே தெரியும். ஒரு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் புழங்கும் பொருள் என்பதால், படத்தில் தெரியாததைச் சொல்கிறேன்.

முதலில் எறும்பு. மூடி ஓடும் தடத்தில் நூல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. தீனித் துகளும் நாயின் எச்சிலும் அதில் சேர்ந்து பசைபோல் இறுகிவிடுகின்றன. மூடி கழன்று வராது. குழாயடியில் காட்டினால் தண்ணீர் உள்ளே போகிறதே தவிர, அழுக்கு வெளியே வருவதில்லை. ஈர்க்குச்சியால் கிளறித்தான் எடுக்க வேண்டும். ஒரு மதியம் கழுவாமல் விட்டால் போதும், வாசற்படியிலிருந்து சிற்றெறும்பு சாரை கட்டிவிடும். நாய் நக்கும் பொருள், மருந்துப்பொடியும் தூவ முடியாது. மூடியைக் கழற்றும்படி செய்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும். இத்தனை விலை வைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

ஆனாலும் அது செய்த நல்லதை மறைப்பது நியாயம் இல்லை. எங்கள் செவலை சிப்பிப்பாறை இனம். கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். பங்குனி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரித் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கும். விடியலில் ஓடவிட்டு வந்தால் பகல் முழுக்க அவள் வீட்டுக்குள்தான். அந்த நேரத்தில்தான் செருப்பும் தலையணையும் கிழிபடும்.

பலகை வந்த புதிதில் காலால் பிறாண்டினாள், குரைத்தாள், கவிழ்த்துப் போட்டாள். பிறகு ஒருநாள் கண்ணால் தேடுவதை விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்தினாள். நாசியின் ஓரங்கள் துடிக்க, மூச்சின் ஈரம் மூடிமேல் படிந்து படிந்து மறைந்தது. காலிப் பள்ளங்களைக் கடந்து, ஈரல் துண்டு இருந்த மூடியை மட்டும் மூக்கால் தள்ளினாள். மனிதனுக்கு 60 லட்சம் அளவில் உள்ள மோப்ப உணர்விகள் நாய்க்கு 10 கோடியைத் தாண்டும் என்று படித்திருக்கிறேன். கண்ணை நம்பும் இனத்திலும் அந்தத் திறமை இப்படி விழித்துக்கொள்வதைப் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சிறிது நேரம் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தால், வெயில் தாழும்வரை எழுவதில்லை.

இப்போது விளையாட்டு பலகையைத் தாண்டிவிட்டது. பழைய துண்டில் உலர்ந்த ஈரலைச் சுருட்டிக் கொடுக்கிறோம். கவிழ்த்த டம்ளர்களில் ஒன்றின் அடியில் வைக்கிறோம். "இரு" என்றால் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள்; "தேடு" என்றதும் அறை அறையாக மோப்பம் பிடித்துப் போவாள். கொடுக்கும் தீனியின் அளவை இரவுச் சாப்பாட்டில் குறைத்துவிட வேண்டும். உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. மாம்பழக் காலத்தில் நம் ஊரில் கொட்டைக்குப் பஞ்சமில்லை, அதையும் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

செவலைக்கு மூக்கைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது அந்தப் பலகைதான். இருந்தாலும், இன்று காலையும் ஈர்க்குச்சியோடு உட்கார்ந்து எழுந்த கையோடு எழுதுகிறேன்: பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். துண்டைத் துவைகல்லில் அடித்துத் துவைத்துவிடலாம். மூடி கழன்று வரும் பலகை கிடைத்தால், அன்றே வாங்கிவிடுங்கள்.