சங்ககிரி டேங்கரா, நாமக்கல் புல்லட்டா, டீசல் பவுசரா: ஒற்றை வண்டியோடு தொடங்குபவருக்கு எது பொருந்தும்?

சேலத்தில் எரிபொருள் வண்டி போட நினைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சங்ககிரியிலிருந்து பங்க்குகளுக்குப் பெட்ரோல், டீசல் ஏற்றலாம். நாமக்கல்காரர்களைப் போல சமையல் எரிவாயு ஏற்றும் உருளை வடிவ டேங்கரான புல்லட் ஓட்டலாம். பவுசர் என்ற சின்ன டேங்கர் வாங்கி டீசலைக் கேட்ட இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெரும்பாலோர் வாடகை ரேட்டை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது போதாது. இந்த வண்டிகளில் திரும்பும்போது வேறு சரக்கு ஏற்ற முடியாது. மாதம் எத்தனை லோடு கிடைக்கும், குறையும் லிட்டர் யார் கணக்கில் போகும் என்ற இரண்டையும் பார்த்த பிறகே ரேட்டுக்கு வர வேண்டும்.

சென்னை–திருச்சி–மதுரை எண்ணெய் பைப்லைனின் கிளை சங்ககிரி முனையத்துக்கு வருகிறது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து பங்க்குகளுக்கு இங்கிருந்து லோடு போகிறது. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த வாடகை கிலோலிட்டர் கணக்கில், போகவர கிலோமீட்டருக்குக் கணக்கிடப்படும். அதனால் காலியாகத் திரும்புவது அதற்குள்ளேயே அடங்கிவிடும். நஷ்டம் வருவது லோடு இல்லாமல் வண்டி வரிசையில் நிற்கும் நாட்களில்தான்.

12 கிலோலிட்டர், மூன்று சேம்பர் (டேங்குக்குள் பிரிக்கப்பட்ட அறை) வண்டியா, 20 கிலோலிட்டர், நான்கு சேம்பர் வண்டியா? கிருஷ்ணகிரிக்குப் போகவர சுமார் 300 கிலோமீட்டர். டிரைவர் ஒருவர்தான், நாளும் ஒன்றுதான், ஆனால் பெரிய வண்டிக்கு வாடகை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. நெடுஞ்சாலை பங்க்குகள் மட்டும் என்றால் 20 தான் சரி. ஆனால் உள்ளூர் பங்க்கின் நிலத்தடி டேங்கில் ஒரே நேரத்தில் அவ்வளவு இறக்க இடமிருக்காது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும், நீள வண்டிக்கு அது வழியே இல்லை. முதல் வண்டியாக 12 கிலோலிட்டர் எடுத்தால் எந்த பங்க்குக்கும் அனுப்பலாம். லோடு இல்லாத நாள் குறையும்.

ஏற்காடு லோடில் ஒரு கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். வெப்பம் 1 டிகிரி குறைந்தால் 1,000 லிட்டர் பெட்ரோல் சுமார் 1.2 லிட்டர் சுருங்கும். சங்ககிரியில் மதியம் 36 டிகிரியில் ஏற்றிய 12,000 லிட்டர் மலைமேல் 31 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டும் சிந்தாமலே டிப் ராடு (டேங்குக்குள் விட்டு அளக்கும் கோல்) 72 லிட்டர் குறைவாகக் காட்டும். டீசலில் இது ஏறக்குறைய 50 லிட்டர். ஏற்றும்போதே வெப்பநிலையையும் அடர்த்தியையும் எழுதி வாங்காத டிரைவர் இறக்கும் இடத்தில் திருடன் ஆகிவிடுவார். அங்கே ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் வைத்து அடர்த்தியை அளந்து, அதை 15 டிகிரிக்கு மாற்றிப் பார்ப்பார்கள். இன்வாய்ஸ் அடர்த்தியிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்குள் வேறுபாடு இருந்தால் சரக்கு சரி. அதற்கு மேல் போனால் கலப்படச் சந்தேகம் எழும், ஒப்பந்தமே ஆபத்தில்.

இறக்கிவிட்டு மலையிறங்கும் காலி வண்டியை யாரும் லேசாக எண்ணக் கூடாது. சரக்கு இறங்கும்போது சேம்பருக்குள் காற்று புகும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் பழுக்கும். சின்ன கியரில், எஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும், மேன்ஹோல் மூடிகளும் வால்வுகளும் இறுக மூடியிருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் வண்டிக்கும் இதே விதிதான்.

பெட்ரோல் இறக்கிய சேம்பரில் அடுத்து டீசல் ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு. எஞ்சிய சில லிட்டர் பெட்ரோலே டீசலின் தீப்பற்றும் வெப்பநிலையை இறக்கிவிடும். வேகமாகக் கொட்டினால் நிலைமின்சாரமும் சேரும். சேம்பரை முழுக்க வடித்து, எர்த் வயரை முதலில் மாட்டி, குழாய் முனை டீசலில் மூழ்கும்வரை மெதுவாக விட வேண்டும்.

புல்லட்டில் கணக்கே வேறு. மங்களூரு, கொச்சி, எண்ணூர் என்று நீண்ட தூரம், சுமார் 18 டன், எடை மேடையில் அளவு. டிப் ராடு தகராறு கிடையாது. ஆனால் டேங்க் அழுத்தக் கலன், அதற்கான 2016 விதிகளின்படி காலமுறைச் சோதனைகள் உண்டு. அந்த நாட்களில் வருமானம் இல்லை, தவணை மட்டும் ஓடும். வேலை முழுக்க சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் டெண்டரை நம்பியே இருக்கிறது. 2025 மார்ச்சில் தென்மண்டல உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்துத்தான். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் ஒரு புல்லட் இழுவை வண்டியிலிருந்து கழன்று விழுந்து எரிவாயு கசிந்தது. இழுவை வண்டியையும் டேங்கையும் இணைக்கும் கிங் பின், டர்ன் டேபிள் தேய்மானத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்க ஆள் வேண்டும். முதல் வண்டியாக புல்லட் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நான்கைந்து வண்டி ஓடும் நிறுவனம்தான் இந்தக் காத்திருப்பைத் தாங்கும்.

பவுசருக்கு முதலீடு குறைவு. குவாரி, ஜேசிபி, மருத்துவமனை ஜெனரேட்டர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் என வாடிக்கையாளர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். ஆனால் பங்க்கில் டீசல் வாங்கி நீங்களாக விற்க முடியாது. எண்ணெய் நிறுவனத்தின் அனுமதியோடு, டீலரோடு சேர்ந்துதான் செய்ய முடியும். வாங்குபவர் உரிமமில்லாமல் வைத்திருக்கக் கூடியது 2,500 லிட்டர் வரைதான், அதிலும் ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் கூடாது. மாதம் முழுக்க எடுக்கும் மூன்று நிலையான வாடிக்கையாளர்களைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால் நன்றாக ஓடும். கடனுக்குக் கொடுக்கத் தொடங்கினால் மூலதனம் ரோட்டில் நின்றுவிடும்.

எதை எடுத்தாலும் வரிசை முக்கியம். டெண்டர் விவரக் குறிப்பைப் படிக்காமல் சேசிஸ் வாங்கி டேங்க் கட்டுபவர்கள் பின்னால் பைப், வால்வு, சேம்பர் அளவை மாற்றப் பணம் கொடுக்கிறார்கள். பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு) அங்கீகரித்த வரைபடத்தில் டேங்க், அளவீட்டு முத்திரை, பதிவு, பெசோ உரிமம், பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் கையில் வந்த பிறகே லோடு. டிரைவருக்கு ஆபத்தான சரக்குக்கான 3 நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். டேங்கின் எச்சரிக்கைப் பலகையில் பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, எரிவாயுவுக்கு 1075 என்ற ஐ.நா. எண் இருக்க வேண்டும்.

பழைய டேங்கர் வாங்குவதானால் அளவீட்டு அட்டவணையையும் சேம்பர்களையும் ஒத்துப் பாருங்கள். டேங்கில் புது வெல்டிங் தடம் இருந்தால் எப்போது, எந்தப் பட்டறையில் என்று கேளுங்கள். ஆவி நீக்கிய சான்று இல்லாமல் மட்கார்டு பிராக்கெட்டைக்கூட வெல்டிங் வைக்கக் கூடாது, பட்டறை வெடிப்புகள் அப்படித்தான் நடக்கின்றன. டேங்கில் ஒட்டுப் போட்டிருந்தால் கொள்ளளவு மாறியிருக்கும், மறு அளவீடு முடிந்த பிறகே பேரம் பேசுங்கள்.