பாம்புக்கடி விஷமுறிவு மருந்து: தூள் குப்பி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

இந்தியாவில் கிடைக்கும் நால்வகைப் பாம்பு விஷமுறிவு மருந்து திரவமாகவும் தூளாகவும் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூள்தான் சரி. திரவ மருந்து எந்நேரமும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் அது நடக்கிற காரியமா?

ஒரு மி.லி. மருந்து நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் தலா 0.6 மி.கிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் தலா 0.45 மி.கிராமையும் முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷத்தை இறக்குகிறது. 10 மி.லி. குப்பி ஒன்று முறிப்பது 6 மி.கி.தான். முதல் தவணையே 8 முதல் 10 குப்பி என்பது இதனால்தான். குழந்தைக்கும் அதே அளவு. ஆள் சிறியவர் என்று பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை.

கலக்கும்போதுதான் பல இடங்களில் கெடுக்கிறார்கள். உடன் வரும் 10 மி.லி. நீரை விட்டபின் குப்பியைக் குலுக்கக் கூடாது. நுரை கட்டினால் புரதம் சிதையும். உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றினால் போதும், ஆனால் கரைய நேரமாகும். எல்லாக் குப்பிக்கும் ஒரே சமயத்தில் நீர் விட்டுவிடுங்கள். பிறகு சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். கடிவாயைச் சுற்றிக் குத்துவதால் பயனில்லை. தோலில் முன்சோதனையும் வீண்; ஒவ்வாமை வருமா என்பதை அது சொல்லாது. குதிரைச் சீரத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் அரிப்பு, தடிப்பு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு எதுவும் வரலாம். அதை அடக்கும் அட்ரினலின் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்த பிறகே சொட்டைத் திறக்க வேண்டும். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் போதும். 2 மி.லி. ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் விஷம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. குழாய் புதிதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். சோப்புத் தூளில் கழுவியதிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். தேவையில்லாமல் குப்பிகள் செலவாகும். அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் திரும்ப உண்டாக்கக் கல்லீரலுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

குறைகளும் உண்டு. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடும். சிதைந்ததை எந்த மருந்தும் திருப்பாது, வென்டிலேட்டர்தான் கதி. இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, சென்னைக்கு அருகே 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. வடதமிழகப் பாம்புகளின் விஷம் அது. அதே இனப் பாம்பானாலும் ராஜஸ்தானில் விஷத்தின் கலவை வேறு. அங்கெல்லாம் மருந்தின் வீச்சு குறையலாம்.

சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்து, கசந்தால் விஷமில்லை என்று வீட்டிலேயே இருத்திவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது சோதனையும் அல்ல, சிகிச்சையும் அல்ல. மருந்து ஏற்ற வேண்டிய நேரத்தைத் தின்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள மேட்டுமூக்குக் குழிவிரியன் இந்த நான்கில் சேராது. அந்தக் கடிக்கு இந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். பலன் இல்லை, ஒவ்வாமை மட்டும்தான் மிஞ்சும்.